வேலைத்தளச் செயலியும் நம் கையிலுள்ள போனும்

(அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை. ஷிப்ட் காரணமாக வர இயலாத குடும்பங்களுக்காக இங்கே எழுத்து வடிவில்.)



ஜமாஅத் பெரியவர்களே, மாடியில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே, வேலை முடிந்து யூனிஃபார்மோடு நேரே இங்கு வந்திருக்கும் தம்பிமார்களே!

இன்று கைப்பேசியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பிள்ளைகள் எந்நேரமும் போனே கதி என்று கிடக்கிறார்கள் என்ற வழக்கமான புகார் இல்லை. அதற்கு இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். இது சம்பளம் சம்பந்தப்பட்ட விஷயம்.

நம் வட்டியில்லாக் கடன் குழுவுக்கு வரும் விண்ணப்பங்களைப் பார்க்கிறேன். முன்பெல்லாம் காரணம் என்ற இடத்தில் தையல் மிஷின், ஸ்கூல் பீஸ், பிரசவச் செலவு என்று எழுதியிருக்கும். இப்போது 'போன் வாங்க' என்று எழுதுகிறவர்கள் கூடிவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான். "காண்ட்ராக்டர் வருகைப்பதிவை ஆப்பில் போடச் சொல்லிவிட்டார். என் போனில் அது ஓடவில்லை. ஓடாத நாளெல்லாம் ஆப்சென்ட் விழுகிறது." (நான் செயலி என்றே சொல்கிறேன். ஒலிபெருக்கியில் 'ஆப்பு' என்று காதில் விழுந்துவிடக் கூடாது பாருங்கள். சில இடங்களில் அது ஆப்பாகத்தான் இருக்கிறது என்பது வேறு விஷயம்.)

இந்த அவையில் இரண்டு தரப்பாரும் இருக்கிறீர்கள். ஒரகடம், வல்லம் வடகால், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம் பக்கத்து ஆலைகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஒரு தரப்பு. அதே ஆலைகளுக்குக் கேன்டீன் நடத்துகிற, வேன் விடுகிற, ஹவுஸ்கீப்பிங் ஆள் அனுப்புகிற, ஃபேப்ரிகேஷன் வேலை எடுத்துச் செய்கிற சிறு முதலாளிகள் இன்னொரு தரப்பு. செயலியைப் போடச் சொல்கிறவர்களும் நீங்கள்தான், போட முடியாமல் தவிக்கிறவர்களும் நீங்கள்தான். ஆகவே நான் சொல்வதை இரு தரப்பாரும் தமக்கென்றே கேட்டுக்கொள்ள வேண்டும்.

உலகத்துக்கே போன் செய்து அனுப்பிய ஊர் நம்முடையது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா ஆலை, 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தியை நிறுத்தும் வரை கோடிக்கணக்கான போன்களை அனுப்பியது. இன்றைக்கும் சுங்குவார்சத்திரம் பக்கம் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் தயாராகிறது. அப்படிப்பட்ட ஊரில், வேலைக்கு ஏற்ற போன் எது என்று கேட்டால் கடைக்காரத் தம்பி சொல்வதுதான் தீர்ப்பு. அவரோ கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பதிலிருந்து தொடங்குகிறார். ஆலை வாசலில் செக்யூரிட்டி அந்தக் கேமராவின் மேல்தான் ஸ்டிக்கர் ஒட்டி உள்ளே விடுகிறார். பல இடங்களில் போனையே லாக்கரில் வைத்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள்.

போனைத் தேர்ந்தெடுக்காமல் செயலியை மட்டும் கட்டாயமாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு நம் கண்ணெதிரே நடந்த உதாரணம் ஒன்று உண்டு. நூறு நாள் வேலை. 2021 மே மாதம் மத்திய அரசு அதற்கென்று ஒரு வருகைப்பதிவுச் செயலியைக் கொண்டுவந்தது. 2022 மே 16 முதல், 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் அது கட்டாயமாயிற்று. 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் பயனாளிகளுக்கான வேலைகள் தவிர மற்ற எல்லா இடங்களிலும் கட்டாயம். ஒரு நாளைக்கு இரண்டு முறை, நேரமும் இடமும் பதிந்த புகைப்படத்தோடு வருகையை ஏற்ற வேண்டும். ஏற்ற வேண்டியவர் யார்? நம் கிராமங்களில் பணித்தளப் பொறுப்பாளர் என்று சொல்கிறோமே, அந்தப் பெண்மணி. எந்தப் போனில்? அவருடைய சொந்தப் போனில். இணையச் செலவும் அவருடையது. ஏரிக்கரையில் சிக்னல் கிடைக்காமலும், போன் சூடாகி நின்றும், படம் ஏறாமல் போன நாட்களில் மண் சுமந்தவர்களுக்குக் கூலி இல்லை என்ற புகார் நாடெங்கும் எழுந்தது. 2023 பிப்ரவரியில் டெல்லி ஜந்தர் மந்தரில் தொழிலாளர்கள் நூறு நாள் தர்ணா தொடங்கியபோது, அவர்கள் வைத்த கோரிக்கைகளில் இந்தச் செயலியை நிறுத்துவதும் ஒன்று.

இத்தனைக்கும் ஏமாற்று நின்றதா என்றால் அதுவும் இல்லை. 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள், நேரில் எடுக்காமல் பழைய படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்கள் என்று அதில் வரிசையாகச் சொல்லியிருந்தது. உழைத்தவர் ஆப்சென்ட், வராதவர் பிரசென்ட்!

'சரி, முதலாளியே போன் வாங்கிக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது' என்று நினைப்பீர்கள். அதிலும் ஒரு பாடம் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் அங்கன்வாடி ஊழியர்களுக்கு அரசே போன் வழங்கியது. 2 ஜிபி ராம் கொண்ட போன். வாங்கும்போது விலை குறைவாகத் தெரிந்திருக்கும். 2021-இல் போஷன் டிராக்கர் என்ற புதிய செயலி வந்ததும் அந்தப் போன்கள் திணறின, சூடாயின, நின்றன. பழுது பார்க்கும் செலவு ஊழியர் தலையில் விழுந்தது. செயலியோ ஆங்கிலத்தில். அந்த ஆண்டு ஆகஸ்டில் அந்தச் சகோதரிகள் ஆயிரக்கணக்கில் திரண்டு போய், கொடுத்த போன்களை அரசாங்கத்திடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சொந்தப் போனாக இருந்தாலும், கொடுத்த போனாக இருந்தாலும், வேலையைப் பார்க்காமல் கருவியைத் தீர்மானித்தால் கதை இப்படித்தான் முடிகிறது.

ஆகவே, சிறு முதலாளிகளாக இருக்கும் சகோதரர்களே, கடைக்குப் போகும் முன் உங்கள் ஆட்கள் நிற்கும் இடத்துக்குப் போய் ஒரு ஷிப்ட் முழுக்க நின்று பாருங்கள். ஆலை நிர்வாகம் எதை உள்ளே அனுமதிக்கிறது என்பதை எழுத்தில் வாங்குங்கள். கேமரா கூடாது என்றால் முகம் காட்டும் வருகைப்பதிவை உள்ளே வைக்கவே முடியாது. அதை வாசலுக்கு வெளியே, வேன் இறங்கும் இடத்தில் வைக்க வேண்டும். பெயின்ட் ஷாப், தின்னர் வைக்கும் அறை, எரிவாயு சிலிண்டர் அடுக்கும் இடம் இங்கெல்லாம் சாதாரணப் போன் எதுவுமே கூடாது. தீப்பொறி எழாதபடி தனியாக வடிவமைத்து, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் அனுமதி பெற்ற கருவிகள்தான் அங்கே போகலாம். விலை அதிகம். நம் சக்திக்கு உட்பட்டது, அங்கே காகிதப் படிவத்தில் எழுதி வெளியே வந்து செயலியில் ஏற்றுவது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்து வேலையின் தன்மை. கிடங்கில் ஒரு ஷிப்டுக்கு நூற்றுக்கணக்கான பெட்டிகளின் பார்கோடைப் படிக்க வேண்டியவருக்குப் போன் கேமரா போதாது. ஒவ்வொன்றையும் குறி பார்த்துப் படம் பிடிக்க நேரமாகும், மணிக்கட்டும் வலிக்கும். அதற்கென்று பார்கோடு படிக்கும் கைக்கருவிகளே தனியாக உண்டு. ஒரு போனைவிடப் பல மடங்கு விலை என்றாலும் கிடங்கு வேலைக்கு அதுதான் சரி. பழையதை நல்ல நிலையில் வாங்கலாம், வாடகைக்கும் கிடைக்கும். இரவுக் காவலர் சுற்று வரும்போது சுவரில் ஒட்டிய வில்லையில் போனைத் தொட்டுப் பதிய வேண்டும் என்றால், அந்தப் போனில் என்.எஃப்.சி. வசதி இருக்க வேண்டும். விலை குறைந்த போன்கள் பலவற்றில் அது கிடையாது. நான்கு போன் வாங்கி வந்த பிறகு இது தெரிந்தால் என்ன செய்வது? வேன் ஓட்டும் சகோதரருக்கோ என்.எஃப்.சி. தேவையில்லை. நாள் முழுவதும் இடம் காட்டினாலும் தாங்கும் பேட்டரிதான் தேவை.

இப்போது போனுக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், தம்பிமார்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ராம். விளம்பரத்தில் '8 ஜிபி' என்று பெரிதாகப் போட்டு, கீழே சின்ன எழுத்தில் '4+4' என்று இருக்கும். அந்த இரண்டாவது 4 உண்மையான ராம் இல்லை. சேமிப்பு இடத்தில் கொஞ்சத்தை எடுத்து ராம் மாதிரிப் பயன்படுத்துவது. வேகத்தில் இரண்டும் ஒன்றாகாது. நிஜமான ராம் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். எவ்வளவு வேண்டும் என்பதற்கு அரசாங்கமே ஒரு அளவு சொல்லியிருக்கிறது. ஓய்வூதியர்கள் வீட்டிலிருந்தே முகம் காட்டி உயிர்வாழ் சான்று கொடுக்கும் ஜீவன் பிரமாண் வசதிக்கு 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பு, 5 மெகாபிக்சல் கேமரா. முகம் பார்க்கும் செயலி எதுவானாலும் இதற்குக் கீழே போகாதீர்கள். இது எல்லாருக்கும் தேவைப்படும் விஷயம். ஏனென்றால் 2025 ஆகஸ்ட் 1 முதல், புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண் பொதுவாக உமாங் செயலியில் முகம் காட்டித்தான் உருவாகிறது. கைரேகையை நம்பியிருக்க வேண்டாம் என்பதும் உங்களுக்குத் தெரியும். சிமென்ட், ஆசிட், சோப்புத் தண்ணீர் பட்ட விரல்களின் ரேகை ரேஷன் கடை மிஷினிலேயே விழுவதில்லை.

பேட்டரி எத்தனை எம்.ஏ.எச். என்று எண்ணைப் பார்க்கிறோம். அதைவிட முக்கியம், நடுவில் சார்ஜ் போட வழி இருக்கிறதா என்பது. 12 மணி நேரம் வெளியே நிற்பவருக்கு 5000-க்குக் குறைந்தால் மாலையில் வெளியேறும் பதிவு போட முடியாது. பவர் பேங்கை உள்ளே விடாத ஆலைகளும் உண்டு. இன்னொன்று: சில கம்பெனிப் போன்கள், பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று, திரை அணைந்ததும் பின்னால் ஓடும் செயலியை நிறுத்திவிடும். டிரைவர் ஒழுங்காக ஓட்டிக்கொண்டிருப்பார். அலுவலகத்தில் வண்டி இரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்பதாகக் காட்டும். பிறகு சண்டை. செட்டிங்கில் பேட்டரி என்ற இடத்துக்குப் போய், அந்தச் செயலிக்கு மட்டும் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். டிரைவர் மேல் சந்தேகப்படும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

வெயில். நம் பகுதியின் அக்னி நட்சத்திர வெயில் எப்படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஐபோனுக்கே 0 முதல் 35 டிகிரி வரைதான் இயங்கும் சூழல் என்று அதைத் தயாரிக்கும் நிறுவனம் எழுதி வைத்திருக்கிறது. சித்திரை மாத ஒரகடத்தில் நிழலிலேயே அதைத் தாண்டிவிடும். வேன் டாஷ்போர்டில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்த போன் தன்னைத்தானே மங்கலாக்கிக்கொள்ளும், சார்ஜ் ஏற மறுக்கும், கடைசியில் அணைந்தும் போகும். ஏசி காற்று வரும் இடத்தில் ஸ்டாண்ட் மாட்டுங்கள். வெள்ளை நிற உறை போடுங்கள். கடையில் வாங்கும்போது, திரை வெளிச்சத்தை முழுதாக வைத்துக்கொண்டு கடைக்கு வெளியே வெயிலில் வந்து நின்று பாருங்கள். எழுத்து தெரியாவிட்டால் அது உங்கள் போன் இல்லை. கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கையுறை போட்டு வேலை செய்கிறவர்களுக்குத் தொடுதிரை கேட்காது. ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டச் சொன்னால், கடைசியில் கையுறையைத்தான் கழற்றி எறிவார்கள். அது கையைக் காயப்படுத்தும். கையுறையோடு இயங்கும் அமைப்பு செட்டிங்கில் உள்ள போன்கள் இருக்கின்றன. அல்லது பதிவு போடும் வேலையைக் கையுறை இல்லாத ஒருவரிடம், சூப்பர்வைசரிடமோ டைம் கீப்பரிடமோ, கொடுத்துவிடுங்கள்.

தூசி, தண்ணீர் விஷயத்தில் ஐ.பி. என்ற இரண்டு எழுத்துக்குப் பின்னால் வரும் எண்களைப் பாருங்கள். முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 67 என்றால் தூசி உள்ளே போகாது, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். ஆனால் சுத்தமான தண்ணீரில் சோதித்த கணக்கு அது, கேன்டீன் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரிலோ கூலன்ட் எண்ணெயிலோ இல்லை. தண்ணீரில் விழுந்து பழுதானால் வாரன்டி கிடைப்பதும் அரிது. ராணுவத் தரம் என்று ஒட்டியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது அமெரிக்க ராணுவத்தின் சோதனை முறை ஒன்றின் பெயர். எந்தெந்தச் சோதனையைச் செய்து பார்ப்பது என்பது தயாரிப்பாளரின் விருப்பம். கிரைண்டிங் நடக்கும் இடத்தில் இரும்புத் தூள் ஸ்பீக்கர் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அதற்கு எந்த முத்திரையையும்விட ஒரு சாதாரணப் பிளாஸ்டிக் பையே மேல்.

சிக்னல் விஷயம் சொல்லாவிட்டால் இவ்வளவு சொன்னதும் வீண். தகரக் கூரை போட்ட பெரிய ஷெட்டுக்குள் ஜி.பி.எஸ். சரியாக விழாது. ஆள் உள்ளே நின்றுகொண்டிருக்க, செயலி அவர் சாலைக்கு அந்தப் பக்கம் இருப்பதாகச் சொல்லும். வாசல் பக்கம் வந்து, வானம் தெரியும் இடத்தில் ஒரு நிமிடம் நின்று பதியுங்கள். சிம் எடுக்கும்போது ஊரில் எது நன்றாகக் கிடைக்கிறது என்று பார்க்காதீர்கள். அந்த ஷெட்டுக்குள் எது கிடைக்கிறது என்று உள்ளே ஏற்கெனவே வேலை செய்கிற ஒருவரைக் கேளுங்கள். செயலி விற்க வருகிறவரிடம் முதலாளிகள் ஒரே ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, ஒரு பதிவைப் போடச் சொல்லி, பிறகு நெட்டை இயக்கினால் பழைய நேரத்தோடு அது ஏறுகிறதா? ஏறாவிட்டால் அந்தச் செயலியை வாங்காதீர்கள். எந்தப் போனாலும் அதைக் காப்பாற்ற முடியாது. தமிழ் இருக்கிறதா, நம்மோடு வேலை செய்கிற ஒடிசா, பீகார் சகோதரர்கள் படிக்க ஹிந்தி இருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

போன் யாருடையது என்ற கேள்விக்கு வருவோம். 40 ஆள் வைத்து வேலை எடுக்கும் ஒருவர், எல்லாரும் சொந்தப் போனில் செயலியைப் போடுங்கள் என்கிறார் என்று வையுங்கள். பாதிப் பேரிடம் ஓடாது. 20 பேர் தலைக்குப் பத்தாயிரம் ரூபாய் போட்டுப் புதுப் போன் வாங்கினால் இரண்டு லட்சம் ரூபாய் அந்த ஏழைக் குடும்பங்களிலிருந்து போகிறது. அதே முதலாளி 12,000 ரூபாயில் நான்கு நல்ல போன் வாங்கி, பத்து ஆளுக்கு ஒன்று என்று சூப்பர்வைசர்களிடம் கொடுத்தால் 48,000. அல்லது வாசலில் நிழலான இடத்தில் ஒரு டேப்லெட்டைச் சுவரில் பொருத்திவிட்டால் இன்னும் குறையும். கணக்கு இவ்வளவு தெளிவாக இருக்கும்போது, செலவை ஆட்கள் தலையில் தள்ளுவதற்கு ஒரே காரணம், அது நம் நோட்டில் செலவாகத் தெரிவதில்லை என்பதுதான். வெல்டரைச் சொந்த வெல்டிங் மிஷின் கொண்டு வா என்று நாம் சொல்வதில்லையே! போன் மட்டும் எப்படி விதிவிலக்காயிற்று?

பொதுவான போனில் ஒரு ஆபத்து உண்டு. ஒருவர் எல்லாருக்குமாகப் பதிவு போட்டுவிடலாம். ஆளுக்கொரு ரகசிய எண் வையுங்கள். போனை யார் எப்போது வாங்கினார், திருப்பினார் என்று ஒரு நோட்டில் கையெழுத்து வாங்குங்கள். கையில் கொடுத்த கருவி அமானிதம் என்பதை நம் ஆட்களுக்கு விளக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் கீழே விழுந்து உடைந்தால் சம்பளத்தில் பிடிப்பது என்று ஒரு பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. 1936-ஆம் ஆண்டுச் சட்டம் முதல் இன்றைய ஊதியச் சட்டத் தொகுப்பு வரை, ஒப்படைத்த பொருள் சேதமானால் தொழிலாளியின் கவனக்குறைவே நேரடிக் காரணம் என்றால்தான் பிடிக்கலாம். அதுவும் அவர் தரப்பை விளக்க வாய்ப்புக் கொடுத்த பிறகுதான். மழையில் நனைந்ததற்கும், வெயிலில் பேட்டரி உப்பியதற்கும் பிடிக்க முடியாது. ஒவ்வொரு போனுக்கும் உறையும் கண்ணாடியும் முதல் நாளே போட்டுவிட்டால் இந்தப் பேச்சே வராது.

செயலி நின்றுபோன நாளுக்கு ஒரு காகித மஸ்டர் கட்டாயம் இருக்கட்டும். ஆள் வந்திருக்கிறார், வேர்த்து நிற்கிறார், சூப்பர்வைசர் கண்ணால் பார்க்கிறார். திரை பச்சையாகவில்லை என்பதற்காக ஒரு நாள் கூலியை வெட்டுவது எந்த நியாயத்திலும் சேராது. தொழிலாளிகளும், பதிவு ஏறாத நாளில் சும்மா திரும்பி வராதீர்கள். திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நேரத்தோடு சூப்பர்வைசருக்கு அன்றே அனுப்பிவிடுங்கள். மாதக் கடைசியில் போய் நின்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

சொந்தப் போனில் போட்டே ஆக வேண்டும் என்ற நிலை சிலருக்கு இருக்கும். அப்போது அந்தச் செயலி எதையெல்லாம் கேட்கிறது என்று பாருங்கள். வருகைப்பதிவுக்குக் கேமராவும் இடமும் தேவை, நியாயம். போன் புத்தகமும் புகைப்பட ஆல்பமும் எதற்கு? மறுத்துவிடுங்கள். இடம் காட்டும் அனுமதியில் 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று ஒன்று இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு நாம் எங்கே இருக்கிறோம் என்பது காண்ட்ராக்டருக்குத் தேவையில்லாத தகவல்.

சகோதரிகளுக்குத் தனியாக ஒன்று. சில இடங்களில் செயலிகூடக் கிடையாது. செல்ஃபி எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்கிறார்கள். அந்தக் குழுவில் முகம் தெரியாத எத்தனையோ பேர் இருப்பார்கள். உங்கள் படம் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்கு ஒத்துக்கொள்ள வேண்டாம். முகப்பதிவு என்றால் பெண் சூப்பர்வைசர் வைத்திருக்கும் கருவியில், தனி இடத்தில் செய்துகொள்கிறேன் என்று கேளுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து கேட்டால் மறுக்கிறவர்கள் குறைவு. தனியாகக் கேட்கத் தயங்குகிறவர்கள் அறக்கட்டளை அலுவலகத்தில் சொன்னால், நாங்கள் கடிதம் எழுதித் தருகிறோம்.

வாங்கும் முறை பற்றி இரண்டு வார்த்தை. பழைய போன் வாங்குவதில் தவறில்லை. ஆனால் திருட்டுப் போனாக இருந்துவிடக் கூடாது. *#06# அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். ஆங்கிலத்தில் கே.ஒய்.எம். என்று அடித்து, ஓர் இடம் விட்டு, அந்த எண்ணைப் போட்டு 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். அல்லது அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பாருங்கள். முடக்கப்பட்ட எண் என்று வந்தால் அந்தப் போனைத் தொடவே வேண்டாம். பில் இல்லாமலும் வாங்க வேண்டாம். ஆண்ட்ராய்டு எந்தப் பதிப்பு, பாதுகாப்பு அப்டேட் கடைசியாக எப்போது வந்தது என்பது செட்டிங்கில் இருக்கும். இரண்டு வருடமாக அப்டேட் வராத போனை வேலைக்கு என்று வாங்காதீர்கள். இன்று ஓடும் செயலி நாளை புதிய பதிப்பு கேட்கும்.

தவணை. 'ஜீரோ வட்டி' என்று பலகை வைத்திருக்கிறார்கள். நம் மக்கள் அந்த வார்த்தையைப் பார்த்து நிம்மதியாகக் கையெழுத்துப் போடுகிறார்கள். பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது, வட்டியைச் செயல்பாட்டுக் கட்டணம் போன்ற வேறு பெயரில் வாங்கிவிடுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சொன்னது. ரொக்கமாக வாங்கினால் என்ன விலை என்று கேளுங்கள். இரண்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசம் எதுவோ அதை நீங்கள் புரிந்துகொள்வீர்கள். தவணை தவறினால் போனையே பூட்டிவிடும் செயலியையும் சில நிதி நிறுவனங்கள் உள்ளே போட்டுத் தருகின்றன. போன் பூட்டிக்கொண்டால் வருகைப்பதிவும் பூட்டிக்கொள்ளும். சம்பளம் வராது, அடுத்த தவணையும் கட்ட முடியாது.

நேரம் ஆகிறது. மாடியிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்திருக்கிறது, அதைப் படித்துவிடுகிறேன். "என் மகன் அடுத்த வாரம் ஒரகடத்தில் சேருகிறான். இருபத்தைந்தாயிரம் ரூபாய் போன் இல்லாவிட்டால் வேலை இல்லை என்று கூடப் படித்த பையன் சொன்னானாம். கடன் கிடைக்குமா?"

அம்மா, தம்பியிடம் சொல்லுங்கள். முதலில் எச்.ஆர். அலுவலகத்தில் நேரில் போய், போன் உள்ளே அனுமதி உண்டா, எந்தச் செயலி, எந்த ஆண்ட்ராய்டு பதிப்பு வேண்டும், கம்பெனி கருவி தருமா என்று நான்கையும் கேட்டு ஒரு தாளில் எழுதி வரட்டும். கூடப் படித்த பையன் சொன்னது கணக்கில்லை. லாக்கரில் வைத்துவிட்டுப் போகிற இடமாக இருந்தால் இருக்கிற போனே போதும். போன் உண்மையிலேயே தேவை என்றால் நம் கடன் குழு தரும், வட்டி கிடையாது. ஆனால் நான் மேலே சொன்ன அளவுக்குள் வரும் போனுக்குத்தான் தருவோம், இருபத்தைந்தாயிரத்துக்கு இல்லை. ஞாயிறு அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் இருப்பேன். அந்தத் தாளையும், இப்போது வைத்திருக்கும் போனையும், சார்ஜரையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.